ட்யூப்லெஸ் டயர்ல காத்து எந்த வழியா போகுது?

எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள், ஓட்டுற நண்பர்கள்ட்ட இருந்து எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. "ராத்திரி 25 பிஎஸ்ஐ அடிச்சு வச்சேன், காலைல பாத்தா 12 தான் இருக்கு, டயர் முழுக்க தடவிப் பாத்துட்டேன் முள்ளு எதுவும் இல்ல, இன்னும் கொஞ்சம் சீலன்ட் ஊத்திடட்டுமா?" என் பதில் எப்பவும் ஒண்ணுதான். ஊத்தாதீங்க. காத்து எந்த வழியா போகுதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க, பாட்டிலைத் தொறக்குறத பத்தி அப்புறம் பேசலாம். சீலன்ட்ங்கறது டயருக்குள்ள ஊத்தி வைக்குற திரவம், டயர்ல முள்ளு குத்துன ஓட்டைய அடைக்குறதுக்குத்தான் அது. ஆனா மெதுவா காத்து எறங்குற சக்கரங்கள்ல நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி நேரம் டயர்ல ஓட்டையே இருக்காது. ரிம்முக்குள்ள ஒட்டியிருக்குற டேப்புல இருக்கும், இல்லேன்னா வால்வுல இருக்கும். அந்த ரெண்டு எடத்துக்கும் சீலன்ட் ஊத்திப் பிரயோஜனம் இல்ல, டேப்பு விஷயத்துல அது கெடுதலும் கூட, ஏன்னு கீழ சொல்றேன்.

டேப்பு எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்சிடும். 1999-ல பிரான்ஸ் கம்பெனி மாவிக், மிஷ்லன், ஹட்சின்சன் மூணு பேரும் சேர்ந்து யூஎஸ்டின்னு ஒரு முறைய கொண்டு வந்தாங்க. மாவிக்கோட அந்த ரிம்முல உள்பக்கத் தரை மூடியே இருக்கும், போக்ஸ் கம்பிக்காக அதுல ஓட்டை போட மாட்டாங்க. டயருக்குள்ளயும் காத்து புகாத ப்யூட்டில் ரப்பர் ஒரு அடுக்கு இருக்கும். அதனால டேப்பும் வேணாம், சீலன்ட் கூட கட்டாயம் இல்ல. ஆனா கனம் ஜாஸ்தி. அதுக்கப்புறம் 2001 வாக்குல அமெரிக்காவுல ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் வந்து, கம்பி ஓட்டை இருக்குற சாதாரண ரிம்மையே டேப்பு ஒட்டி மூடி, உள்ள சீலன்ட் ஊத்தி ஓட்டலாம்னு காட்டுனாங்க. இன்னிக்கு நாம ஓட்டுற ட்யூப்லெஸ் ரெடி டயர் எல்லாமே கிட்டத்தட்ட இந்த வழிதான். கனம் கொறைஞ்சுது, ஆனா முன்ன ரிம்மு பாத்துக்கிட்ட வேலைய இப்ப ஒரு மெல்லிசு டேப்பு பாக்குது. அந்த டேப்புக்குக் கீழ 28 ஓட்டையோ 32 ஓட்டையோ வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு.

சரி, அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. காத்து கொறைஞ்சதெல்லாம் லீக் கிடையாது. ட்யூப்லெஸ் டயர்ல ஒரு வாரத்துல மூணு நாலு பிஎஸ்ஐ எறங்குனா நான் கண்டுக்க மாட்டேன், ரப்பர் வழியாவே காத்து கொஞ்சம் கசியும், ட்யூப் போட்ட டயர்லயும் அதே கதைதான். அப்புறம் பம்புல இருக்குற மீட்டரை வச்சு தினமும் செக் பண்றவங்க ஒண்ணைக் கவனிங்க. பம்பை மாட்டுன உடனே டயர்ல இருக்குற காத்து பம்பு ஹோஸுக்குள்ள போய் நிறையும், அதனால மாட்டுறப்பவே ஒரு ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ கொறைச்சலாத்தான் காட்டும். எதுவும் லீக் இல்லாத டயரையும் தினமும் இப்படி அளந்தா தினமும் கொறையுறதாத்தான் தெரியும். டிரெயில்ல கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போட்டு நிரப்பியிருந்தீங்கன்னா அது சாதாரண காத்த விட ரொம்ப சீக்கிரம் ரப்பரை ஊடுருவி வெளிய போயிடும், மறுநாள் டயர் மெத்துனு இருந்தா பதறாம மொத்தத்தையும் வெளிய விட்டுட்டு பம்புல அடிச்சுட்டு அப்புறம் பாருங்க.

வெயிலும் குளிரும் வேற இருக்கு. ஊட்டில பகல் 22 டிகிரில 25 பிஎஸ்ஐ அடிச்சு வச்சா, விடியக்காலைல 8 டிகிரிக்கு போறப்ப அதுவே 23 பக்கம் வந்துடும், ஒரு துளி காத்து கூட வெளிய போயிருக்காது. இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. கோயமுத்தூர்ல 34 டிகிரி வெயில்ல 25 அடிச்சுட்டு ஊட்டி 16 டிகிரிக்கு ஏறுனா குளிருக்கு ரெண்டு பிஎஸ்ஐக்கு மேல எறங்கணும். ஆனா மீட்டர் காட்டுறது வெளிக்காத்தை விட உள்ள எவ்வளவு ஜாஸ்தி இருக்குங்கறத. கோயமுத்தூர் 400 மீட்டர் ஒசரம், ஊட்டி 2,240 மீட்டர், அங்க வெளிக்காத்தோட அழுத்தமே கிட்டத்தட்ட மூணு பிஎஸ்ஐ கம்மி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரிக்கட்டி மேல போய் அளந்தாலும் 25 பக்கத்துலதான் நிக்கும். அதனால மலைக்குப் போனதாலதான் காத்து எறங்கிடுச்சுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கறதில்ல. ஏறுன அன்னிக்கே பத்து பிஎஸ்ஐ கொறைஞ்சிருந்தா அது லீக்தான்.

இப்ப தேடுறதுக்கு வருவோம். சுலபமானதுல ஆரம்பிங்க. சக்கரத்தை சுத்தி வால்வு கீழ வர்ற மாதிரி நிறுத்தி, ஒரு டம்ளர்ல தண்ணி எடுத்து வால்வோட நுனி முங்குற மாதிரி புடிங்க. ஒரு நிமிஷம் பொறுமையா பாருங்க, மெதுவான லீக்குல குமிழ் ஒண்ணு வந்து அடுத்தது வர்றதுக்கு நேரமாகும். நுனில குமிழ் வந்தா வால்வு கோர்தான் (வால்வுக்குள்ள திருகி வச்சிருக்குற சின்ன அடைப்பு) காரணம். பல சமயம் அது லூசா இருக்கும், கோர் கழட்டுற சின்ன டூலை வச்சு லேசா ஒரு திருப்பு திருப்புனா போதும். அப்பவும் வந்தா கோரைக் கழட்டிப் பாருங்க, உள்ள சீலன்ட் காஞ்சு ரப்பர் துணுக்கா ஒட்டியிருக்கும், அது மூடவே விடாது. நகத்துல சொரண்டி எடுத்தும் பாக்கலாம், ஆனா புது கோரு பெரிய விலை இல்ல, மாத்திடுறது நல்லது. கோர் கழட்டுறப்ப வால்வு அடியில இருக்கக் கூடாது, கடிகாரத்துல நாலு மணி முள்ளு நிக்குற எடத்துக்குக் கொண்டு வந்துட்டு கழட்டுங்க, இல்லேன்னா உள்ள இருக்குற சீலன்ட் மொத்தமும் தரைல.

கோர் நல்லா இருக்குன்னா அடுத்தது சோப்புத் தண்ணி. பாத்திரம் கழுவுற லிக்விடை தண்ணில கலக்கி ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்திக்கங்க. டயர்ல 30 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்திட்டு (ரிம்முலயும் டயர்லயும் போட்டிருக்குற அளவைத் தாண்டக் கூடாது) மொதல்ல ரெண்டு பக்கமும் டயரும் ரிம்மும் சேர்ற எடம், அப்புறம் டயர் பக்கவாட்டு, அப்புறம் பட்டன் (தரைல படுற ரப்பர் கட்டைங்க), கடைசியா ஒவ்வொரு நிப்பிளும் (போக்ஸ் கம்பிய ரிம்மோட புடிச்சு வைக்குற சின்ன நட்டு), வால்வு நட்டைச் சுத்தியும் அடிச்சுட்டு உக்காந்து பாருங்க. சக்கரத்தை அப்படியே தொட்டித் தண்ணில முக்கிப் பாக்குறதும் உண்டு, அப்படிப் பண்ணுனா ஹப்பு பேரிங்குக்குள்ள தண்ணி போகாம பாத்துக்கங்க.

இங்கதான் நெறைய பேர் தடம் மாறுறாங்க. நிப்பிள் ஒண்ணுல குமிழ் வருது, உடனே டயரைக் கழட்டி அந்த நிப்பிளுக்கு நேர் மேல இருக்குற டேப்பை மட்டும் பாத்து அங்க ஒரு துண்டு ஒட்டிட்டு மாட்டுறாங்க. மறுநாள் மறுபடியும் எறங்கியிருக்கும், இந்தத் தடவை வேற நிப்பிள்ல குமிழ். எங்க ஏரியால லாரிக்கும் பைக்குக்கும் பஞ்சர் பாக்குற ஒரு பெரியவர் இருக்காரு, ட்யூப்லெஸ் சைக்கிள் டயரை அவர் அதுக்கு முன்ன பாத்ததே இல்லையாம், ஆனா சக்கரத்தை தண்ணித் தொட்டில விட்டுட்டு குமிழைப் பாத்த உடனே சொன்னாரு: "தம்பி, காத்து இங்க வருதுங்கறதுக்காக ஓட்டை இங்கயே இருக்கோணும்னு இல்லீங்க. ட்யூப் வண்டில எங்க பஞ்சர் ஆனாலும் காத்து வால்வுத் தொளை வழியாத்தானுங்க வெளிய வரும்." அவ்வளவுதான், முழு விளக்கமும் அதுல இருக்கு. ரிம்முக்குள்ள வெறும் கூடு, காலி எடம். டேப்புல எங்கயோ ஒரு எடத்துல காத்து எறங்கி அந்தக் கூட்டுக்குள்ள போயிடுச்சுன்னா, அப்புறம் அது சுத்தி ஓடி எந்த நிப்பிள் லூசா இருக்கோ அது வழியா, இல்லேன்னா வால்வு ஓட்டை வழியா, இல்லேன்னா ரிம்மை வளைச்சு ஜாயின்ட் போட்டிருக்குற கோட்டு வழியா வெளிய வரும். ஜாயின்ட்ல குமிழ் வருதுன்னு ரிம்மு ஒடைஞ்சுடுச்சோன்னு பயப்பட வேணாம். நிப்பிள், வால்வு நட்டு, ஜாயின்ட், இந்த மூணுல எங்க குமிழ் வந்தாலும் அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான், காத்து ரிம்மோட கூட்டுக்குள்ள எறங்குது. எறங்குற வழி டேப்பா இருக்கும், இல்ல வால்வோட அடி ரப்பரா இருக்கும்.

இந்த நெலமைல சீலன்ட் ஊத்துனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. முக்கால்வாசி சீலன்ட்டுல இருக்குறது ரப்பர் பால், கெட்டியாகாம இருக்க அம்மோனியா சேர்த்திருப்பாங்க. குமரி மாவட்டத்துல ரப்பர் பால் வெட்டுற வேலைல இருக்குறவங்க இந்த பாட்டிலைத் தொறந்து மோந்தாலே என்னன்னு சொல்லிடுவாங்க. இது டேப்போட ஓரத்துல நுழைஞ்சு அடில பரவுறப்ப பசைய ஊற வச்சு தூக்கிடும். ஒரு விரக்கடை தூக்கியிருந்த டேப்பு ஒரு சாண் தூக்கும். மிச்ச சீலன்ட் கூட்டுக்குள்ள போய் தேங்கி நிக்கும், அலுமினிய நிப்பிள் போட்ட சக்கரமா இருந்தா அம்மோனியா அதை அரிக்கும், வெள்ளையா பூத்துப் போய் ஒரு நாள் பெண்டு எடுக்கறப்ப நிப்பிள் ஒடைஞ்சு கைல வரும். ஒரு காத்து லீக்குக்கு ஊத்துன சீலன்ட் சக்கரத்தையே கெடுக்கறத பாத்ததுனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அதனால டேப்புன்னு தெரிஞ்சா ஒட்டுப் போடாதீங்க, முழுசா உரிச்சுட்டு புதுசு ஒட்டுங்க. வேலை ஒரு மணி நேரம். பழைய டேப்பை உரிக்கறப்பவே கவனிங்க, காரணம் கண்ணுல படும். ஓரம் சுருண்டிருக்கலாம். கம்பி ஓட்டைக்கு மேல குழியா எறங்கி நடுவுல கீறல் விட்டிருக்கலாம். அடில வெள்ளையா சீலன்ட் ஓடுன தடம் இருக்கலாம். டயர் மாட்டுறப்ப இரும்பு லீவர் பட்டு கிழிஞ்சிருந்தா அது நேர்க்கோடா தெரியும், பைக்கு பஞ்சர் கடைல குடுத்தா இது நடக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதனால கடைல குடுக்கறப்ப பிளாஸ்டிக் லீவரை நீங்களே கொண்டு போய்க் குடுங்க, அவங்க சந்தோஷமா வாங்கிக்குவாங்க.

டேப்போட அகலம் முக்கியம். ரிம்மோட உள் அகலம் 30 மி.மீ. இருந்தா 32-ல இருந்து 34 மி.மீ. வரைக்கும் உள்ள டேப்பு வாங்குங்க, ஏன்னா நடுவுல பள்ளம் இருக்கு, அதுல எறங்கி ஏறவும் அகலம் வேணும். கம்மியா இருந்தா டயர் பீடு (ரிம்முல போய் உக்கார்ற டயரோட விளிம்பு) டேப்பு ஓரத்துலயே உக்காந்து அதைக் கெளப்பும். ரொம்ப ஜாஸ்தியா இருந்தா ரிம்மு சுவர் மேல ஏறி நிக்கும், பீடு ஏறி உக்கார்றப்ப அதை இழுத்துக்கிட்டு வந்துடும். பீடு ரெண்டு பக்கமும் டேப்பு மேல உக்காரணும், அதான் கணக்கு. சைக்கிள் கம்பெனி பேர் போட்ட டேப்புதான் வேணும்னு இல்ல, டெசா 4289-ன்னு ஒரு மஞ்ச கலர் டேப்பு, பொருளைக் கட்டி அனுப்ப தயாரிச்சது, உலகம் முழுக்க இதுக்குப் பயன்படுத்துறாங்க. கடைல கெடைக்குற சாதாரண செலோ டேப்பும் இன்சுலேஷன் டேப்பும் வேணவே வேணாம், நம்ம ஊர் வெயில்ல பசை உருகி வழுக்கிக்கிட்டு நகர்ந்துடும்.

ஒட்டுறதுல பாதிக்கு மேல சுத்தம்தான். பழைய பசை, காஞ்ச சீலன்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துணிய நனைச்சு தொடைங்க, துணி கருப்பா வர்றது நிக்குற வரைக்கும் தொடைக்கணும், அப்புறம் விரல் படக் கூடாது, கை எண்ணெய் போதும் பசை புடிக்காம போக. கூட்டுக்குள்ள சீலன்ட் போயிருந்தா கம்பி ஓட்டை வழியா தண்ணி விட்டு அலசி வெயில்ல ஒரு பகல் காய வைங்க, இதை யாரும் செய்யறதில்ல, உள்ள ஈரம் இருந்தா புது டேப்பும் அடியில இருந்து ஊறும். கம்பி ஓட்டை ஓரமும் வால்வு ஓட்டை ஓரமும் கூரா இருந்தா நைஸ் உப்புத்தாள் வச்சு லேசா தேய்ங்க. அப்புறம் வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னாடி ஆரம்பிச்சு டேப்பை நல்லா இழுத்துப் புடிச்சுக்கிட்டே ஒட்டி, ஒரு சுத்து சுத்தி வந்து, வால்வு ஓட்டையத் தாண்டி இன்னொரு சாண் போய் வெட்டுங்க. வால்வு எடத்துல ரெண்டு அடுக்கு வந்துடும். இழுவை ரொம்ப முக்கியம், இழுத்தாத்தான் நடுப் பள்ளத்துல போய் படியும், இல்லேன்னா பாலம் மாதிரி மேல நிக்கும், காத்து ஏத்துனதும் கீழ எறங்கி ஓரத்தைக் கெளப்பிடும். ஒட்டுன அப்புறம் கட்டை விரல்ல துணியச் சுத்தி நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்ங்க. அங்கங்க வெள்ளையா காத்துக் குமிழ் தெரிஞ்சா அதை ஓரத்துக்குத் தள்ளிடுங்க.

வால்வுக்கு ஓட்டை போடறதுல பிளேடு வச்சு குறுக்கும் நெடுக்குமா வெட்டுறவங்கதான் ஜாஸ்தி. அந்த வெட்டு மூலைல இருந்து கிழிசல் ஓடும். கோணூசிய கேஸ் அடுப்புல காட்டி சூடு பண்ணி, ஓட்டைக்கு நடுவுல மெதுவா குத்துங்க, டேப்பு உருகி விளிம்பு வட்டமா கெட்டியாயிடும், அதுக்கப்புறம் வால்வைத் தள்ளுனா இறுக்கமா உக்காரும். ஓட்டை வால்வை விட சின்னதா இருக்கறதுதான் நல்லது.

அப்புறம் எனக்கு நம்பிக்கையான ஒரு வேலை இருக்கு. உடனே ட்யூப்லெஸ்ஸா மாட்டாம சாதாரண ட்யூப் ஒண்ணைப் போட்டு 35 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தி ஒரு ராத்திரி விட்டுடுங்க. ட்யூப் உள்ள இருந்து டேப்பை ஒரே சீரா அழுத்தி ரிம்மோட படிய வச்சிடும். ஒரு பக்க பீடும் நல்லா உக்காந்திருக்கும். காலைல ஒரு பக்கம் மட்டும் கழட்டி ட்யூபை உருவிட்டு வால்வைப் போட்டா, மறுபடி ஏத்தறப்ப ஒரு பக்கம்தான் உக்கார வேண்டியிருக்கும், கை பம்புலயே பல சமயம் டப்பு டப்புனு ஏறிடும்.

வால்வைப் பத்தி ரெண்டு வார்த்தை. அடி ரப்பர் வட்டமா இருக்கும், நீளமா இருக்கும், ரெண்டு விதம் உண்டு. உங்க ரிம்மு நடுப் பள்ளம் குறுகலா இருந்தா நீளமானது நல்லா படியும். ரப்பர் வெயில்ல கெட்டிப்பட்டு வெடிச்சிருந்தா மாத்துங்க. நட்டைக் கையால மட்டும் இறுக்குங்க. ப்ளையர் வச்சு இறுக்குனா ரப்பர் ஓட்டைக்குள்ள பிதுங்கி உள்ள இருக்குற டேப்பையும் இழுத்துடும், அது மட்டும் இல்ல, காட்டுக்குள்ள டயர் கிழிஞ்சு ட்யூப் போட வேண்டி வந்தா அந்த நட்டைக் கழட்டவே முடியாது.

டயர் ஓரத்துல குமிழ் வர்றது வேற கதை, இங்கதான் சீலன்ட் உண்மையிலேயே வேலை செய்யும். பீடுல பழைய காஞ்ச சீலன்ட், மண்ணு ஒட்டியிருந்தா தொடைச்சுட்டு சோப்புத் தண்ணி தடவி மறுபடி ஏத்துங்க. டயர்ல ரிம்முக்குப் பக்கத்துல ஒரு மெல்லிசு கோடு வார்த்திருப்பாங்க, அது சுத்திலும் ஒரே தூரத்துல தெரியணும், எங்கயாவது உள்ள போயிருந்தா அந்த எடத்துல பீடு உக்காரல. அப்புறம் சக்கரத்தைப் படுக்க வச்சு, ஒரு பக்கெட் மேல கால் மணி நேரம், திருப்பிப் போட்டு கால் மணி நேரம், இடையில ரெண்டு கையால புடிச்சு ஆட்டி விடுங்க. புது டயர்ல பக்கவாட்டுல வெள்ளைப் புள்ளியா சீலன்ட் வேர்த்து நிக்கறது சகஜம், அதுவும் இதுலயே நின்னுடும். கல்லுல அடிச்சு ரிம்மு விளிம்பு நெளிஞ்சிருந்தா அலுமினியமா இருக்கற பட்சத்துல ஸ்பேனரால கொஞ்சம் கொஞ்சமா நிமித்தலாம், கார்பன்ல அந்த முயற்சியே வேணாம்.

நம்ம பக்கம் முள்ளுக்குப் பஞ்சமில்ல. சீமைக்கருவேல முள்ளு குத்தி உள்ளயே முறிஞ்சு நிக்கும், வெளிய பாத்தா தெரியாது, அது அசைய அசைய காத்து கசிஞ்சுக்கிட்டே இருக்கும். டயரைக் கழட்டுறப்ப உள்பக்கம் துணிய வச்சு தடவுங்க, துணி மாட்டுற எடத்துல முள்ளு இருக்கும், வெறும் கைய விட வேணாம். நல்ல சீலன்ட் உள்ள இருந்தா இது தானா அடையும், அது காஞ்சு போயிருந்தா அடையாது. 29 இன்ச் சக்கரத்துல 2.4 டயருக்கு 100-ல இருந்து 120 மி.லி. ஊத்தலாம். சித்திரை வெயில்ல பால்கனில நிக்குற வண்டிக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பாருங்க. கோரைக் கழட்டிட்டு, மெல்லிசு கேபிள் டைய உள்ள விட்டு, அடில தொட்டு எடுத்தா எவ்வளவு ஈரம் இருக்குன்னு தெரிஞ்சிடும். வேற கம்பெனி சீலன்ட்ட அது மேலயே கலக்காதீங்க, சிலது ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கட்டியாயிடும்.

பட்டன் நடுவுல பெரிய ஓட்டைக்கு பிளக்கு (ஓட்டைய அடைக்க வெளிய இருந்து சொருகுற ரப்பர் துண்டு) சொருகியிருந்தீங்கன்னா அதைச் சுத்தி மாசக்கணக்குல கசியலாம். உள்பக்கம் பேட்ச் போட்டாத்தான் நிக்கும். பிளக்கோட உள் நுனிய வெட்டிட்டு, சீலன்ட்ட தொடைச்சு, உப்புத்தாளால சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, அது காயற வரைக்கும் விட்டுட்டு ஒட்டணும். இதை நம்ம பஞ்சர் கடைக்காரங்க கைல குடுத்துடலாம், இந்த வேலைல அவங்களை மிஞ்ச ஆள் இல்ல.

கோர், வால்வு, டேப்பு, பீடு எல்லாம் புதுசாக்கியும் எறங்குதுன்னா டேப்பை உரிச்சுட்டு ரிம்மை நல்ல வெளிச்சத்துல பாருங்க, கம்பி ஓட்டை ஓரத்துல இருந்து தலைமுடி மாதிரி ஒரு கீறல் கெளம்பியிருக்கும். அதுக்கு மேல எதை ஒட்டியும் ஓட்டக் கூடாது, எறக்கத்துல ரிம்மு பிளந்துடும். ஹப்பு நல்லா இருந்தா அதே கம்பி நீளம் வர்ற மாதிரி ரிம்மு பாத்து வாங்கிக் கோர்க்கக் குடுங்க, பழைய கம்பியே பெரும்பாலும் போதும், நிப்பிள் மட்டும் புதுசா பித்தளைல போடச் சொல்லுங்க.